கொல்லைப்புறத்தில் ஒரு கோபுரம்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலின் மாலை அமர்வில் நிகழ்த்திய உரை)



"கலிபோர்னியாவிலே இத்தனை வருஷமா இருக்கியே, உன் அனுபவத்தைப் பத்தி இருபது நிமிஷம் பேசு" என்று செயலாளர் போனில் சொன்னார். கம்ப்யூட்டர் பற்றியோ சிலிக்கான் பள்ளத்தாக்கு பற்றியோ பேசுவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் மரம் வெட்டுவது. தலைப்பைச் சொன்னதும் மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சிவில் படிச்சவன் கடைசியிலே மரம் வெட்டப் போயிட்டியா?" என்று கேட்டார். சிவில் படித்தது இந்த விஷயத்தில்தான் எனக்கு நன்றாகப் பயன்பட்டது என்று பதில் சொன்னேன்.

இந்த அரங்கில் இருக்கிற பலருடைய பிள்ளைகள் அந்தப் பகுதியில் வேலை பார்க்கிறார்கள், வீடு வாங்குகிறார்கள். வீட்டோடு சேர்த்து மரத்தையும் வாங்குகிறார்கள். அந்த மரம் ரெட்வுட்டாக இருந்தால் என்னென்ன வரும் என்று தெரிந்துகொள்வது நல்லது என்பதால் சொல்கிறேன்.

ரெட்வுட்டைச் செம்மரம் என்று மொழிபெயர்த்தால் உங்களுக்கு ஆந்திர எல்லையில் லாரியில் கடத்துகிற செம்மரம்தான் ஞாபகம் வரும். இது அது அல்ல. இது ஊசியிலை மரம். கலிபோர்னியாக் கடற்கரையோரம் வளர்வது. உலகத்திலேயே உயரமான மரம் இந்த இனம்தான். வடக்கே ரெட்வுட் தேசியப் பூங்காவில் ஹைபீரியன் என்று பெயர் வைத்த ஒரு மரத்தை 2006இல் கண்டுபிடித்தார்கள். உயரம் சுமார் 380 அடி. தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி என்பார்கள். அதன்மேல் இன்னொரு முக்கால் விமானத்தைத் தூக்கி வைத்தால் எவ்வளவு வரும், அவ்வளவு. வயதும் அப்படித்தான். ராஜராஜன் கல் அடுக்கிக்கொண்டிருந்த காலத்தில் முளைத்த மரங்கள் அங்கே இன்றும் பச்சையாக நிற்கின்றன.

இந்த மரத்துக்கு இயற்கையாக அமைந்த இடம் ஒரு மெல்லிய பட்டை. ஆரிகன் மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் தொடங்கி மான்டரே மாவட்டம் வரை, ஏறக்குறைய 450 மைல் நீளம். கடலிலிருந்து உள்ளே அதிக தூரம் வராது. காரணம் பனிமூட்டம். கோடையில் அங்கே மழை கிடையாது. கடலிலிருந்து எழும் பனிமூட்டம் மரத்தின் ஊசியிலைகளில் படிந்து, சொட்டுச் சொட்டாக அடியில் விழுகிறது. பெர்க்லியில் இருக்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாட் டாசன் என்ற ஆராய்ச்சியாளர் இதை அளந்து 1998இல் வெளியிட்டார். அந்தக் காட்டுக்கு ஆண்டு முழுவதும் வந்துசேரும் நீரில் மூன்றில் ஒரு பங்கு இப்படிப் பனிமூட்டத்திலிருந்து சொட்டியது. மரம் தனக்குத் தானே நீர் பாய்ச்சிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான் குடியிருக்கும் சன்னிவேலுக்கு வாருங்கள். சான்டா கிளாரா பள்ளத்தாக்கின் சமவெளி. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் ஆப்ரிகாட், பிளம் தோப்புகள். பக்கத்திலிருக்கும் சான் ஹோசேயில் ஆண்டு மழை சுமார் 15 அங்குலம். சென்னையில் பெய்வதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கடற்பக்கம் இருக்கும் சான்டா குரூஸ் மலைகளில் ரெட்வுட் தானாக வளர்கிறது. மலையைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்கினால் ஓடைக் கரைகளில் அங்கொன்று இங்கொன்றுதான் இருந்தது. பாலோ ஆல்ட்டோ என்ற ஊருக்கே பெயர் கொடுத்தது அப்படி ஓடைக்கரையில் நின்ற ஒரு ரெட்வுட்தான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக முத்திரையில் இருப்பதும் அந்த மரம்தான். ஆயிரம் வயது தாண்டியது, ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் இன்றும் நிற்கிறது.

தோப்புகளை அழித்து வரிசை வரிசையாக வீடு கட்டினார்களே, அப்போது வந்தவர்களுக்கு வெறும் மண்ணில் சீக்கிரம் நிழல் வேண்டும். பக்கத்து வீட்டு ஜன்னல் தெரியக்கூடாது. நர்சரிக்குப் போனால் ரெட்வுட் கன்று மலிவு, பார்க்க அழகு, பூச்சி அரிக்காது, இலை உதிர்ந்து மொட்டையாகாது. தண்ணீர் விட்டால் வருஷத்துக்கு மூன்று முதல் ஐந்து அடி வளரும். அறுபது, எழுபதுகளில் வாங்கி வாங்கி நட்டார்கள். தொட்டியில் இடுப்பளவு இருக்கும் கன்றைப் பார்த்து இது ஐம்பது வருஷத்தில் ஒன்பது மாடி உயரம் போகும் என்று யாருக்குத் தோன்றும்? கோயில் யானையைக் குட்டியாக இருக்கும்போது பின்கட்டில் கட்டிய கதைதான்.

1998இல் நான் வாங்கிய வீட்டில் அப்படி இரண்டு நின்றன. முதல் வீட்டுக்காரர் 1975 வாக்கில் நட்டவை. ஒன்று என் வீட்டுச் சுவரிலிருந்து இருபத்திரண்டு அடி தள்டி, முழுக்க என் நிலத்தில். இன்னொன்று வேலியில். வேலி ஓரத்தில் என்று சொல்லவில்லை, வேலியிலேயே. அடிமரம் பருத்து, வேலிப் பலகையை இரண்டு பக்கமும் தள்ளிவிட்டு, பாதி எனக்கும் பாதி பக்கத்து வீட்டுக்குமாக நின்றது. இந்த இரண்டாவது மரம்தான் என்னை இந்த மேடையில் நிறுத்தியிருக்கிறது.

மரத்தின் மேலே பார்க்கிறவர்கள் வேரைப் பார்ப்பதில்லை. 300 அடி உயர மரத்துக்குக்கூட ஆணிவேர் கிடையாது. பத்துப் பன்னிரண்டு அடி ஆழம்தான் போகும். பக்கவாட்டில் அறுபது, எண்பது அடி ஓடும். காட்டில் பக்கத்து மரத்தின் வேரோடு பின்னிக்கொண்டு, கூட்டமாகக் கைகோத்து நிற்கும். வீட்டு முற்றத்தில் கைகோக்க ஆள் இல்லை. அது சிமென்ட் தரைக்கு அடியில் போகிறது, தூக்குகிறது. பழைய சுட்டமண் சாக்கடைக் குழாயின் இணைப்பில் நுழைகிறது.

எங்கள் ஊர் மண்ணோ களிமண். அடோபி என்பார்கள். நம் கல்லூரியில் சாயில் மெக்கானிக்ஸ் வகுப்பில் கரிசல் மண்ணைக் கையில் எடுத்துக் காட்டி, "இது மூச்சு விடுற மண்ணு. மழையிலே உப்பும், வெயில்லே சுருங்கும், இதை நம்பி அஸ்திவாரம் போடாதே" என்று நம் பேராசிரியர் சொல்வாரே, அதே குணம். இந்த மண்ணில் பெரிய மரம் கோடை முழுவதும் நீரை உறிஞ்சினால் ஒரு பக்கம் மட்டும் மண் சுருங்கும். வீட்டின் ஒரு மூலை இறங்கும். எங்கள் சாப்பாட்டு அறைக் கதவு ஆகஸ்டில் சிக்கும், பிப்ரவரியில் தானாகச் சரியாகும். நண்பர்கள் வாஸ்து என்றார்கள். நான் விரிசலில் கண்ணாடித் துண்டு ஒட்டி இரண்டு வருஷம் அளந்தேன். மண்தான்.

வேலி மரத்துக்கு இன்னொரு வினையும் இருந்தது. மின்கம்பிக்குத் தொல்லை என்று 1980களின் கடைசியில் யாரோ அதன் தலையை நாற்பது அடியில் வெட்டியிருக்கிறார்கள். தலையை வெட்டினால் மரம் குட்டையாகும் என்பது பலருடைய நம்பிக்கை. ரெட்வுட்டில் அது நடக்காது. வெட்டின இடத்திலிருந்து இரண்டு மூன்று புதுத் தலைகள் கிளம்பி, போட்டி போட்டுக்கொண்டு மேலே போகும். பழைய வெட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிற இந்தத் தலைகளுக்குப் பிடிப்பு குறைவு. எங்கள் மரத்தில் அப்படி மூன்று தலைகள், தொண்ணூறு அடிவரை.

பிறகு வறட்சி. 2012இல் ஆரம்பித்தது. 2014 ஜனவரியில் கவர்னர் ஜெர்ரி பிரவுன் வறட்சி அவசரநிலை அறிவித்தார். அடுத்த வருஷம் நகரங்கள் நீர்ச் செலவை 25 சதவீதம் குறைக்க வேண்டும் என்று ஆணை வந்தது. ஊரே புல்வெளியைப் பிடுங்கிக் கல் பரப்பியது. புல்லுக்கு விட்ட தண்ணீரைத்தான் ரெட்வுட் ரகசியமாகக் குடித்துக்கொண்டிருந்தது என்று அதன் பிறகுதான் தெரிந்தது. சாலைக்குச் சாலை உச்சி பழுத்து, மேலிருந்து கீழாகக் காய்ந்த ரெட்வுட்களைப் பார்த்தேன். சுத்திகரித்த கழிவுநீரைக் கொடுத்தால் அதிலிருக்கும் உப்பு இந்த மரத்துக்கு ஆகாது.

2023 வந்தது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை புயல் மேல் புயல். மழையில் ஊறிய மண்ணில் ஆழமில்லாத வேர், மேலே காற்று. ஜனவரி 4ஆம் தேதி, சோனோமா மாவட்டத்தில் ஆக்சிடென்டல் என்ற சிற்றூரில் ஒரு ரெட்வுட் வீட்டின்மேல் விழுந்து இரண்டு வயதுக் குழந்தை இறந்துபோயிற்று. அந்தச் செய்தி வந்ததிலிருந்து என் மனைவி காற்றடிக்கும் இரவுகளில் தூங்கவில்லை. "என்னங்க, கேக்குதா? கட்டில் கிரீச்சுங்கிற மாதிரி ஒரு சத்தம், மேலேருந்து வருது" என்று எழுப்புவாள். மார்ச் மாதப் புயலில் வேலி மரத்தின் மூன்று தலைகளில் ஒன்று, இருபத்தைந்து அடி நீளம், முறிந்து பக்கத்து வீட்டுத் தோட்டக் கொட்டகையை நசுக்கியது. இன்னும் எட்டடி தள்ளி விழுந்திருந்தால் அந்த அம்மாவின் படுக்கை அறை.

பக்கத்து வீட்டு அம்மா எண்பது வயதைத் தாண்டியவர். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, தனியாக இருக்கிறார். மரத்தை எடுத்துவிடலாம் என்று சொல்லப் போனேன். அவர் என்னை உட்காரவைத்து டீ கொடுத்துவிட்டு, "முடியாது" என்றார். அந்த மரத்தை அவர் கணவரும் என் வீட்டின் முதல் சொந்தக்காரருமாகச் சேர்ந்து, அவர் மகன் பிறந்த வருஷம், வேண்டுமென்றே எல்லைக்கோட்டில் நட்டார்களாம். கணவர் இறந்து பதினோரு வருஷம். "என் வீட்டின்மேல் விழுந்தால் என்மேல்தானே விழும்?" என்றார். அந்த வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

சட்டம் அவர் பக்கம். கலிபோர்னியாவின் சிவில் சட்டத்தொகுப்பு 1872இல் வந்தது. அதன் 833ஆம் பிரிவு, அடிமரம் முழுக்க ஒருவர் நிலத்தில் இருந்தால், வேர் எங்கே ஓடினாலும் மரம் அவருடையது என்கிறது. 834ஆம் பிரிவு, அடிமரம் இரண்டு நிலத்திலும் நின்றால் இருவருக்கும் பொது என்கிறது. பாதி மரத்தை வெட்ட முடியாது அல்லவா? ஒருவர் சம்மதமில்லாமல் மற்றவர் தொடக்கூடாது. தெரிந்தே பிறர் மரத்தை வெட்டினால் நஷ்டத்தைப்போல் மூன்று மடங்கு கட்ட வேண்டிவரும். என் பக்கம் வந்த வேரை நான் வெட்டிக்கொள்கிறேன் என்று கிளம்பவும் முடியாது. பக்கத்து வீட்டு மரத்துக்கு ஆபத்து வரும்படி வேரை வெட்ட உனக்கு எல்லையற்ற உரிமை இல்லை என்று 1994இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நம் ஊரில் வரப்புத் தகராறில் தென்னை மரத்துக்காக மூன்று தலைமுறை கோர்ட்டுக்குப் போனவர்களைப் பார்த்த எனக்கு இதெல்லாம் சொந்த ஊர் மாதிரி இருந்தது.

எங்கள் ஊருக்கே இந்த விஷயத்தில் ஒரு வரலாறு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சன்னிவேலில் ஒரு தம்பதி 1997 முதல் 1999 வரை எட்டு ரெட்வுட் நட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் 2001இல் கூரையில் சூரிய மின்தகடு போட்டார். மரம் வளர்ந்தது, தகட்டில் நிழல் விழுந்தது. காலை 10 மணி முதல் பகல் 2 மணி வரை தகட்டின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பக்கத்து வீட்டு மரநிழல் விழக்கூடாது என்று 1978இல் ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். அதன்படி அந்தத் தம்பதிமேல் குற்ற வழக்கே நடந்தது. 2007 டிசம்பரில் எட்டில் இரண்டு மரங்கள் சட்டத்தை மீறுகின்றன என்று நீதிபதி தீர்ப்பளித்தார். இதில் வேடிக்கை, மரக்காரர்கள் ஓட்டியது பிரியஸ் கார், தகட்டுக்காரர் ஓட்டியது மின்சாரக் கார். இரண்டு தரப்பும் பூமியைக் காப்பாற்றத்தான் சண்டை போட்டது. 2008இல் சட்டத்தைத் திருத்தி, தகடு வருவதற்கு முன்பே நட்ட மரத்துக்கு இது பொருந்தாது என்று ஆக்கினார்கள். ஆகவே மரம் நட்ட தேதியும் தகடு போட்ட தேதியும் தெரிந்திருக்க வேண்டும்.

நகர அனுமதி வேறு. சன்னிவேலில் தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவு 38 அங்குலம் இருந்தால் அது பாதுகாக்கப்பட்ட மரம். பாலோ ஆல்ட்டோவில் ரெட்வுட் என்றே பெயர் சொல்லிப் பாதுகாப்பு. 18 அங்குல விட்டம் வந்ததும் சட்டம் தொடங்கிவிடும். எங்கள் வேலி மரத்தின் சுற்றளவு பதினோரு அடி. நம் சொந்த வீட்டில், சொந்தப் பணத்தில் வளர்த்த மரத்துக்கு ஊரைக் கேட்பதா என்று நம்மவர்கள் பலர் கோபப்படுகிறார்கள். எனக்கு அந்தக் கோபம் இல்லை. ஒரு காலத்தில் இருபது லட்சம் ஏக்கர் இருந்த பழைய ரெட்வுட் காட்டில் இன்று மிஞ்சியது ஐந்து சதவீதம். 1906 பூகம்பத்துக்குப் பின் சான்பிரான்சிஸ்கோவைத் திரும்பக் கட்டியதே அந்த மரத்தில்தான். ஒரு ரெட்வுட்டை வெட்டவிடாமல் ஜூலியா ஹில் என்ற இளம்பெண் 1997 டிசம்பரிலிருந்து 1999 டிசம்பர் வரை 738 நாள் அதன் உச்சியிலேயே குடியிருந்தார். அப்படி ஒரு மாநிலத்தில் இந்த மரத்தின்மேல் அரிவாள் வைக்கக் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் காட்டு ரெட்வுட்டும் முற்றத்து ரெட்வுட்டும் ஒன்று என்று பேசுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. நட்டவர் அளந்து நடவில்லை என்பதற்காகக் கீழே தூங்குகிறவர் உயிரைப் பணயம் வைக்க முடியாது.

அந்த அம்மாவோடு வாதம் செய்வதை நான் விட்டுவிட்டேன். மர வைத்தியர் ஒருவரை, அதாவது சான்றிதழ் பெற்ற ஆர்பரிஸ்ட் ஒருவரை, இருவருமாகச் செலவைப் பங்கிட்டு அழைத்தோம். வெட்டும் கம்பெனியின் ஆளாக இருக்கக்கூடாது என்று மட்டும் நான் சொன்னேன். வெட்டினால் காசு கிடைக்கிறவரிடம் வெட்டலாமா என்று கேட்பது சரியில்லை. அவர் இரண்டு மரத்தையும் பார்த்தார். என் மரத்தில் குற்றமில்லை: ஒரே தலை, பச்சை உச்சி, வேர்க்கழுத்து சுத்தம். வேலி மரத்தைப் பற்றிக் கீழிருந்து சொல்ல முடியாது என்று ஒரு ஆளைக் கயிறு கட்டி ஏற்றினார். நாற்பது அடியில், பழைய வெட்டுக்காயத்தில், அந்த ஆள் செல்போனில் படம் பிடித்தார். மீதி இரண்டு தலைகளுக்கும் நடுவில் முழங்கை போகிற பொந்து, உள்ளே மாவாக நொறுங்கும் கட்டை. அந்த அம்மா படத்தை இரண்டு முறை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து, அனுமதி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு, என் வீட்டுத் தபால் பெட்டியில் போட்டிருந்தார்.

பறவைகள் கூடு கட்டும் மாதங்கள் கழியட்டும் என்று அக்டோபர் வரை காத்திருந்தோம். நான்கு பேரிடம் விலை கேட்டதில் மிகக் குறைவாகச் சொன்னவரிடம் தொழிலாளர் காப்பீடு இல்லை. மரம் வெட்டும் கான்ட்ராக்டர் எல்லோரும் அதை வைத்திருக்க வேண்டும் என்பது 2023 ஜனவரியிலிருந்து அங்கே சட்டம். தொண்ணூறு அடி உயரத்தில் ரம்பத்தோடு தொங்குகிறவருக்குக் காப்பீடு இல்லாவிட்டால், விழுந்தால் அந்தக் குடும்பம் என்ன ஆகும்? நானும் மாட்டிக்கொள்வேன். மூன்றாவது ஆளுக்குக் கொடுத்தோம். கிரேனோடு பன்னிரண்டாயிரம் டாலர், பாதிப் பாதி. நட்டபோது அந்தக் கன்று பத்து டாலர்கூட இருந்திருக்காது.

வெட்டும் நாள் காலையில் என் மனைவி மஞ்சள், குங்குமம், தேங்காயோடு வந்துவிட்டாள். ஊரில் அவள் தாத்தா மரம் வெட்டுமுன் அப்படிச் செய்வாராம், அதில் குடியிருக்கிறவர்களிடம் மன்னிப்புக் கேட்பதற்கு. கற்பூரம் மட்டும் வேண்டாம், காய்ந்த சருகு என்று நான் தடுத்தேன். மெக்சிகோவிலிருந்து வந்த மேஸ்திரி ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தேங்காய் உடைந்ததும், "எங்கள் ஊரிலும் உண்டு" என்றார். பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

முற்றத்து மரத்தைச் சினிமாவில் வருகிற மாதிரி அடியில் வெட்டிச் சாய்க்க முடியாது. சாய இடம் இல்லை. மேலேறும் ஆள் கீழிருந்து மேலாகக் கிளைகளைக் கழித்துக்கொண்டே போகிறார். உச்சிக்குப் போனதும் மேலிருந்து கீழாகத் துண்டு போடுகிறார். ஒவ்வொரு துண்டையும் கிரேன் கொக்கியில் கட்டி, அடியில் அறுத்து, என் வீட்டுக் கூரைக்கு மேலாகத் தூக்கித் தெருவில் இறக்க வேண்டும். கிரேனின் கை நீள நீள அது தூக்கும் எடை குறையும். அதனால் துண்டின் நீளத்தை எடை பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஈரமான ரெட்வுட் ஒரு கன அடிக்கு ஐம்பது பவுண்டு அளவு இருக்கும். மூன்றடி விட்டத்தில் நாலடித் துண்டு என்றால் இருபத்தெட்டு கன அடி, ஆயிரத்து நானூறு பவுண்டு. அதாவது ஒரு பழைய மாருதி 800 கார். அப்படி மாருதி கார்களாக என் கூரைக்கு மேலே நாள் முழுவதும் போய்க்கொண்டிருந்தன. கிரேன் ஓட்டுநரிடம் சுமை அட்டவணையை வாங்கிப் பார்த்தேன். நாற்பது வருஷத்துக்கு முன் பரீட்சைக்குப் படித்த திருப்புவிசைக் கணக்கு, ஒரு வரி மாறவில்லை.

ஒன்றரை நாளில் முடிந்தது. அடித்துண்டின் வளையங்களை உட்கார்ந்து எண்ணினேன், நாற்பத்தேழு. நடுவில் புல்வெளிக் காலத்து வளையங்கள் விரலகலம். 1987 முதல் 1992 வரை நடந்த வறட்சியில் கொஞ்சம் நெருக்கம். 2014க்குப் பிறகு தாள் அடுக்கிய மாதிரி. அந்த அம்மா குனிந்து, ஏதோ ஒரு வளையத்தில் விரல் வைத்து, "இந்த வருஷம்தான் என் மகன் சைக்கிள் பழகினான்" என்றார். மகன் மென்டோசினோவிலிருந்து வண்டி கொண்டுவந்து இரண்டு துண்டுகளை எடுத்துப் போனார். மீதி அறுப்பு மில்லுக்குப் போயிற்று. இளம் ரெட்வுட் மெதுவான கட்டை. கட்டட உத்திரத்துக்கு ஆகாது, வேலிப் பலகைக்கு ஆகும். புது வேலி அதில்தான்.

வெட்டினால் கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஊசியிலை மரங்களில் பெரும்பாலானவை அடியில் வெட்டினால் செத்துவிடும். ரெட்வுட் சாகாது. அடியைச் சுற்றி வட்டமாகத் துளிர்விட்டு மறுபடி எழும். 2020 ஆகஸ்ட் தீயில் பிக் பேசின் பூங்கா கருகியபோது, சில மாதங்களிலேயே கரிக்கட்டையில் பச்சைத் துளிர் வந்ததைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். காட்டில் அது வரம். வேலியில் வேண்டாத விருந்தாளி. அடிக்கட்டையை இயந்திரத்தால் ஒன்றரை அடி ஆழம் அரைத்தும், அடுத்த வசந்தத்தில் ஓரத்திலிருந்து துளிர்த்தது. பார்த்துப் பார்த்துக் கிள்ள வேண்டும். நகராட்சி கேட்ட மாற்று மரமாக ரெட்பட் என்ற உள்ளூர்ச் சிறுமரத்தை நட்டிருக்கிறோம். இருபது அடிக்கு மேல் போகாது. இடத்தை அந்த அம்மாதான் காட்டினார். இந்த முறை எல்லைக்கோட்டிலிருந்து ஆறடி தள்ளி, அவர் பக்கம்.

என் பக்கத்து மரம் நிற்கிறது. "அதையும் எடுத்துடலாமே" என்று கேட்காத விருந்தாளி இல்லை. குற்றமில்லாத மரத்தை எடுக்க எனக்கு மனமில்லை, ஊரும் விடாது. கோடையில் மாதம் இரண்டு முறை, கிளை விரிந்த அளவுக்குச் சொட்டுக்குழாய் சுற்றி, மெதுவாக ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீர் விடுகிறேன். உதிர்ந்த ஊசியிலையைப் பெருக்காமல் அடியிலேயே விடுகிறேன்; ஈரம் காக்கும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஆர்பரிஸ்ட் பார்க்கிறார். சாப்பாட்டு அறைக் கதவு இப்போது ஆகஸ்டிலும் சிக்குவதில்லை. என் மனைவி காற்றடித்தால் இன்னும் விழிக்கிறாள், ஆனால் என்னை எழுப்புவதில்லை.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் நம் செட் நண்பர் மத்தியானம் சாப்பிடும்போது கேட்டார்: மகன் ஃப்ரீமான்ட்டில் வீடு பார்த்திருக்கிறான், பின்னால் நாலு ரெட்வுட் வரிசையாக நிற்கிறது, வாங்கலாமா என்று. டேய், உன் பையனிடம் சொல். கையெழுத்துப் போடுமுன் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போகட்டும். அடிமரம் எல்லைக்கோட்டிலிருந்து எவ்வளவு, சுவரிலிருந்து எவ்வளவு என்று அளக்கட்டும். நாலரை அடி உயரத்தில் சுற்றளவு எடுத்து, அந்த ஊர் விதியோடு ஒப்பிடட்டும். ஊருக்கு ஊர் கணக்கு வேறு. தெருவின் அந்தப் பக்கம் நின்று உச்சியைப் பார்க்கட்டும்: ஒரு தலையா, மூன்று தலையா, பச்சையா, பழுப்பா. சாக்கடைக் குழாயில் கேமரா விட்டுப் பார்க்கச் சொல். ஆர்பரிஸ்ட் கூலி சில நூறு டாலர். அங்கே வீட்டு விலைக்கு அது காப்பிக் காசு. நாலும் நல்ல மரமாக இருந்தால் தண்ணீர்ச் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு தாராளமாக வாங்கலாம். நிழல் அவ்வளவு சுகம்.

செயலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார், உள்ளே இலை போட்டாயிற்று போலிருக்கிறது.